தடையிட்டு நேரில் இணைக்க

வாளின் பிடியில் இருந்த பொத்தானைச் செல்லத்துரை அழுத்தினார். பன்னிரண்டு விளக்குகளும் ஒருங்கே எரிந்தன.

முதற்கணம் அவை சிவந்திருந்தன. அடுத்த கணம் அச்சிவப்பு பழுத்துப் பொன்னிறம் ஆயிற்று. வகுப்பறைச் சன்னல்களைச் சாக்குகளால் மறைத்திருந்தோம். அந்த இருட்டில் செல்லத்துரையின் மீசையும், அதன்கீழே திறந்திருந்த வாயும், பின்சுவரில் தொங்கிய நிலப்படத்தின் ஓரமும் தெரிந்தன.

"ஏ, சூப்பருல்லா வே" என்றார் அவர்.

அச்சொற்கள் முடிவதற்குள் பிடியை ஒட்டியிருந்த விளக்கு அணைந்தது. பிறகு அதற்கு மேலது. பிறகு அதற்கும் மேலது. ஒருவர் விரலால் தொட்டுத் தொட்டு அணைத்துக்கொண்டு போவதுபோல், பிடியிலிருந்து நுனி நோக்கி இருள் ஏறியது. பொத்தானை விடவேண்டும் என்று செல்லத்துரைக்குத் தோன்றியபோது பத்து விளக்குகள் போய்விட்டிருந்தன. நெகிழி பொசுங்கிய நாற்றம் எழுந்தது. அடுத்த தெருவின் தறியோசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாடகத்துக்கு ஒரு நாள் இருந்தது.

நான் தமிழாசிரியனாக இருந்த பள்ளியில் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் நடத்திய நாடகங்களைப் பற்றி இத்தொடரில் முன்னரே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த சங்கரன்கோவில் அன்பர் ஒருவர், வாள் எரிந்துபோன கதையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். மறந்ததனால் அன்று. அந்தக் கதையில் பிழை செய்தவன் நான். தன் பிழையை எழுதுகிறவன் சொற்களை இன்னும் சற்று எண்ணிப் போட வேண்டியிருக்கிறது. காலம் தாழ்த்தியதற்குக் காரணம் அவ்வளவே.

கடையநல்லூர்க்காரர்

எண்பதுகளின் முற்பாதி என்று சொல்லலாம். ஊருக்குத் தொலைக்காட்சி இன்னும் வரவில்லை, ஒலிநாடா வந்துவிட்டது. பேருந்து நிலையத்தின் எதிர்ச்சந்தில் மைதீன் என்பவர் வானொலி பழுதுபார்க்கும் கடையொன்றைத் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வளைகுடா நாட்டில் ஐந்தாண்டுகள் இருந்து திரும்பியவர். சொந்த ஊரில் கடை வைக்காமல் இங்கே ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டபோது, அவர் சொன்ன விடை தெளிவாக இருந்தது.

"கடையநல்லூர்ல வீட்டுக்கு வீடு துபாய்க்காரந்தான் சார். அங்கன நான் யாரு? இங்கன வந்தா நான் ஒருத்தன்."

அந்த ஒருத்தனை ஊர் எளிதில் ஏற்கவில்லை. அங்கே ஒரு பணிமனையில் தொழில் கற்றதாக அவர் சொன்னார். அதே நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த வேறொருவரோ, மைதீன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்ததைத் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். முதல் செய்தியைச் சொன்னவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னார். இரண்டாவதைச் சொன்னவருக்கு அதனால் ஆதாயம் ஏதுமில்லை. ஊர் இரண்டாவதை நம்பியது.

ஆகவே கடைக்கு வருவோர் தம் வானொலிப் பெட்டியை வெளியில் எடுக்காமலேயே வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். வேடிக்கைக்கு ஒரு பொருள் உண்டு. கடையின் முகப்பில் மைதீன் தம் கையால் செய்த ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் பத்துச் சிறு செவ்விளக்குகள் வரிசையாக நின்றன. பாட்டு உயர்ந்தால் பத்தும் எரியும்; தாழ்ந்தால் இரண்டு மூன்றாகக் குறையும். அதைப் பார்த்துத்தான் எனக்கு வாளின் நினைவு வந்தது.

நான் எழுதியிருந்த நாடகத்தில், பட்டத்துக்கு உரியவன் கையில் மட்டுமே ஒளிரும் வாள் ஒன்று உண்டு. முந்தைய நாடகங்களில் இத்தகைய இடங்களைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் "ஆகா, ஒளிர்கிறதே" என்று குரல்கொடுத்து ஒப்பேற்றியிருக்கிறோம். இம்முறை உண்மையாகவே ஒளிரச் செய்யலாம் என்று தோன்றியது. மைதீனிடம் கேட்டேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். கூலி வேண்டாம் என்றும் சொன்னார்.

"இந்த வாளு மட்டும் எரிஞ்சிரட்டும் சார். முந்நூறு பேரு பாப்பாங்கள்லா. அப்புறம் ஒருத்தனும் சாயாவைப் பத்திப் பேசமாட்டான்."

எரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

வெண்சுடர் செஞ்சுடரானது

கைவிளக்கில் போடும் குமிழ்களையே வைக்கலாம் என்பது என் முதல் எண்ணம். மைதீன் மறுத்தார். மூன்று விரல் அகலமுள்ள வாளுக்குள் அவை அடங்கா, சுடும், சண்டைக் காட்சியில் ஓர் அடிபட்டால் நொறுங்கும். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சின்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் எனச் சிறு விளக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றும் அரையங்குலம்கூட இராது. தலை உருண்டு, கீழே இரண்டு கம்பிக் கால்கள். அவர் எல்.இ.டி. என்றார். நான் அங்கேயே அதற்கு மின்மணி என்று பெயரிட்டேன்.

கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஒளி படியப் பட்டம் செய்யும் தாளொன்றை முன்னால் பிடித்து, ஒவ்வொரு நிறமாக ஏற்றிக்காட்டினார். நான் சந்தின் மறுகோடிவரை பின்னோக்கி நடந்து பார்த்தேன். பச்சை, பத்தடியிலேயே அடங்கிவிட்டது. மஞ்சள், காமாலைக் கண்போல் இருந்தது. சிவப்பு மட்டும் நான் எவ்வளவு விலகினாலும் விடாமல் வந்தது.

சிவப்பிலும் இரண்டு வகை இருந்தன. ஒன்றின் தலை கண்ணாடிபோல் தெளிந்தது. எதிரே நிற்பவனுக்குப் பளிச்சிடும், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை. மற்றதன் தலை பால்படிந்தாற்போல் மங்கியது. வெளிச்சம் குறைவு, ஆனால் எல்லாப் பக்கமும் பரவும்.

"மேடைக்கு ரெண்டு பக்கமும் ஆளு இருப்பாங்க சார். மங்கலாத் தெரிஞ்சாலும் எல்லாருக்கும் தெரியணும்" என்று சொல்லி, பால்படிந்த சிவப்பில் இருந்த பன்னிரண்டையும் பொறுக்கி எடுத்தார்.

எனக்கு ஒரு தடங்கல் இருந்தது. என் வரி, 'வெண்சுடர் வாளை வேந்தன் ஏந்தினேன்' என்பது.

"வெள்ளையில் இல்லையா?" என்று கேட்டேன்.

"வெள்ளையா? வெள்ளைல இது உலகத்துலயே கெடையாது சார்."

"நீலம்?"

"அதுவும் கெடையாது. இனிமே எவனாவது கண்டுபிடிச்சாத்தான் உண்டு."

உலகத்திலேயே இல்லாத ஒன்றை நாடகத்துக்காகக் கேட்பது முறையன்று. வெண்சுடரைச் செஞ்சுடர் ஆக்கினேன். இரண்டும் கூவிளம், சீர் கெடவில்லை. ஆனால் மோனை போயிற்று. வெண்சுடருக்கு வேந்தன் பொருந்துவான், செஞ்சுடருக்குப் பொருந்தான். செழியன் என்று போட்டால் மோனை கிடைக்கும், சீர் மாறும். இரண்டு நாள் எண்ணி, அரசனுக்குச் சேந்தன் என்று பெயர் வைத்தேன். 'செஞ்சுடர் வாளைச் சேந்தன் ஏந்தினேன்.' மோனையும் நின்றது, வேந்தனுக்குரிய தேமாவும் நின்றது.

அரசனாக நடித்தவர் செல்லத்துரை, எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"நான் வேந்தன் வேந்தன்னு நெட்டுருப் போட்டு முடிச்சாச்சு வே. இப்ப வந்து சேந்தங்கீரு. யாரு அந்தச் சேந்தன்?"

"நீர்தாம்."

"ஒரு பல்புக்காவ ஒரு ராசா பேரையே மாத்துத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

வாளைச் செய்தவர் கைத்தொழில் ஆசிரியர் அருணாசலம். பனவடலிசத்திரத்திலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒட்டுப்பலகையை வாள் வடிவில் இரண்டாக அறுத்து, நடுவே கம்பி ஓடுவதற்குப் பள்ளம் தோண்டி, சிகரெட்டுப் பெட்டிகளின் வெள்ளித்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தார். விளக்குகளின் தலை நீட்டிக்கொள்ளப் பன்னிரண்டு துளைகள். பிடிக்குள் நான்கு சிறு பேட்டரிக் கட்டைகளுக்கு இடம். மின்மணிகளைப் பூட்டுவது மட்டுமே மிஞ்சியிருந்தது.

கூறியது கூறல்

பூட்ட வேண்டிய கிழமையில் மைதீன் ஊரில் இருக்க முடியவில்லை. அவருடைய தங்கைக்கு நிக்காஹ். நான்கு நாள் கடையை அடைத்துவிட்டுக் கடையநல்லூர் போகவேண்டும். புறப்படும் அன்று என்னைக் கடைக்கு வரச்சொல்லி ஒரு காகிதப் பொட்டலத்தைத் தந்தார். பன்னிரண்டு மின்மணிகள், சிவப்புக் கம்பி, கருப்புக் கம்பி, ஒரு பொத்தான், கம்பிமேல் சுற்றும் கருப்பு ஒட்டுநாடாச் சுருள் ஒன்று. இவற்றோடு, நெல்லைவிடச் சற்றுப் பெரியனவாய், உடலில் சிவப்பும் ஊதாவும் பழுப்பும் பொன்னுமாக வளையமிட்ட பன்னிரண்டு சிறு துண்டுகள்.

"அருணாசலம் சார் ஈயம் வச்சுப் பத்தவைப்பாருல்லா, அவருட்ட குடுத்திருங்க. நான் சொல்லுதேன், நீங்க எழுதிக்கிடுங்க. இதுக்கு ஒரு காலு நீளம், ஒரு காலு கட்டை. நீளக் காலு ப்ளஸ்சு."

நெடிலும் குறிலும் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "ஆமா, நெடிலு ப்ளஸ்சு, குறிலு மைனஸ்சு. இந்தா வரிவரியா இருக்குல்லா, இது ரெசிஸ்டர். ஒவ்வொரு நெடிலுக்கும் ஒண்ணு போட்டுத்தான் ப்ளஸ்ல குடுக்கணும். நேர குடுத்திராதீங்க சார், பொசுங்கிப் போயிரும்."

பேருந்து புறப்படும் ஓசை கேட்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கடைப்படியில் நின்றபடியே எழுதினேன்.

இவ்விடத்தில் என் வழக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அயற்சொல் கலவாமல் எழுதுவது என்று இளமையிலேயே ஓர் உறுதி எடுத்திருந்தேன். பாடக்குறிப்பு, கடிதம், விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதைக் காத்தேன். ஒருமுறை மளிகைச் சீட்டில் 'வழலைக்கட்டி இரண்டு' என்று எழுதி அனுப்ப, கடைக்காரர் இரண்டு கட்டி வெல்லம் கொடுத்தனுப்பினார். என் மனைவி அவற்றை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்து, "இத வச்சு எதத் துவைக்க?" என்று கேட்டாள். மாற்றி வாங்கப் போனபோது கடைக்காரர், "சோப்புன்னு எழுதுனா பேனா ஒடைஞ்சா போவும் சார்வாள்?" என்றார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பயன்படுத்தப் பயன்படுத்தச் சொல் பழகும் என்பது என் கொள்கை.

இன்னொன்று, சுருக்கம். கூறியது கூறல் குற்றம் என்று இலக்கணம் விலக்கியிருக்கிறது. ரெசிஸ்டரை மின்தடை என்றும், ப்ளஸ்ஸை நேர்மின்முனை என்றும், மைனஸை எதிர்மின்முனை என்றும் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். மின்மணி, மின்தடை, மின்முனை என்று ஒரே வரியில் மின் என்னும் சொல் திரும்பத் திரும்ப வந்து இடறியது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் மின்னையும் முனையையும் அடித்தேன். 'நேரே கொடுத்துவிடக் கூடாது' என்பது உடன்பாட்டில் சொன்னதையே எதிர்மறையில் சொல்வது. அதையும் அடித்தேன். எஞ்சியது இது:

'ஒவ்வொரு மின்மணியின் நெடிற்காலிலும் ஒரு தடையிட்டு நேரில் இணைக்க. குறிற்கால்களை ஒருங்கே எதிரில் சேர்க்க.'

அதைத் தனித்தாளில் படியெடுத்துப் பொட்டலத்தில் வைத்து அருணாசலத்திடம் கொடுத்தேன். இரண்டு நாளில் வேலையை முடித்து, தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். கையெழுத்து அழகாக இருந்தது என்றும் சொன்னார்.

பாசி

மீண்டும் அந்த வகுப்பறைக்கு வருகிறேன்.

சாக்குகளை விலக்கினோம். செல்லத்துரை வாளைக் குலுக்கிப் பார்த்தார். அருணாசலம் அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். அப்போதுதான் நிக்காஹ் வீட்டு இனிப்பு நிறைந்த ஓலைப்பெட்டியோடு மைதீன் உள்ளே வந்தார். பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறார். தலையில் இன்னும் புதுத்தொப்பி இருந்தது.

"வாரும் வே, துபாய் இஞ்சினீயரு" என்றார் செல்லத்துரை. "ஒம்ம சரக்கு ஒரு கொட்டாவி விடுத நேரம் எரிஞ்சிது. அதோட மவுத்து."

மைதீன் பெட்டியை வைத்துவிட்டு வாளைக் கையில் எடுத்தார். விளக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். பிறகு அவர் பார்வை பிடியில் நின்றது. பிடியைச் சுற்றிச் சிவப்பு, ஊதா, பழுப்பு, பொன் என வளையமிட்ட பன்னிரண்டு துண்டுகளும் மணிமாலைபோல் நூலில் கோத்து இரண்டு சுற்றாகக் கட்டப்பட்டிருந்தன. பார்க்க அழகாகவே இருந்தன.

"இது என்ன சார்?"

"பாசி" என்றார் அருணாசலம். "பொட்டலத்துல கெடந்துச்சு. பிடி மொட்டையா இருந்துச்சுல்லா, அதுக்குத்தான் குடுத்திருக்கீகன்னு நெனச்சேன்."

"அப்ப நெடிலுக்கு என்னத்தப் போட்டீக?"

"டேப்புதான். தடையிட்டுன்னு எழுதியிருந்துச்சு. ஒவ்வொரு காலையும் டேப்பச் சுத்தி மறிச்சிட்டு, நேரா பேட்டரில சேத்தேன்."

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைதீனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். செல்லத்துரைக்கு மட்டும் விளங்கவில்லை.

"எழுதுன தாளு எங்க?" என்று மைதீன் கேட்டார்.

"புலவர்ட்ட இருக்கு" என்றார் அருணாசலம்.

மூவரும் என்னைப் பார்த்தனர். தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

"வீட்டில் இருக்கிறது" என்றேன்.

நான் எப்போதும் மெல்லிய வெள்ளைச் சட்டையே அணிவேன். பையில் மடித்து வைத்த தாளும் அதிலுள்ள சிவப்பு மையும் வெளியே தெரியும் என்பது எனக்கு அந்நேரம் தோன்றவில்லை. மைதீன் என் பையை ஒருகணம் பார்த்தார். பிறகு செல்லத்துரையிடம் திரும்பினார்.

"எம்மேலதான் தப்பு சார். பஸ்ஸுக்குப் போற அவசரத்துல சரியாச் சொல்லாமப் போயிட்டேன்."

"அதான பாத்தேன்" என்றார் செல்லத்துரை. "அங்கன போயி சாயா ஆத்துன ஆளு வயரு வேலைக்கு வந்தா இப்பிடித்தான் ஆவும். புலவரே, விளக்கும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம். பழையபடி பின்னாலருந்து ஆகா போடச் சொல்லும்."

மைதீன் ஓலைப்பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். சற்றுநேரம் கழித்துச் செல்லத்துரை அதைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பதவுரை

நான் கடைக்குப் போனபோது மைதீன் ஒலிபெருக்கியின் நெற்றிப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பத்துச் செவ்விளக்குகளில் நான்கு ஏற்கனவே மேசைமேல் கிடந்தன.

"நுனில ரெண்டு உசுரோட இருக்கு சார். இதுல பத்து. கணக்கு சரியாப் போச்சு" என்றார்.

"உமக்குத் தெரியும் அல்லவா?"

"எது?"

"தாள் என் பையில் இருந்தது."

அவர் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சிச்சு."

"பிறகு ஏன் உம்மேல் போட்டுக்கொண்டீர்?"

"நீங்க தமிழ் வாத்தியாரு. உங்க தமிழ்ல தப்புன்னு நாலு பேரு முன்னால நான் சொல்லவா? உங்களுக்கு ஒரு பேரு இருக்கு, அது போயிரும். எனக்கு இன்னும் வந்தே சேரல. வராத பேரு எங்கன போவும்?" ஐந்தாவது விளக்கைக் கழற்றி வைத்தார். "அதுபோவ, அவரு சொன்னதுல பாதி நெசந்தான் சார். மொத ஒன்றரை வருசம் நான் அங்க சாயாதான் ஆத்துனேன். அந்த வொர்க்‌ஷாப்புலதான். கிளாசை வச்சிட்டு அப்பிடியே நின்னு பாப்பேன். பாத்துப் பாத்துத்தான் படிச்சேன். அதுனால அந்தப் பேச்சு வந்தா எனக்கு வாய் வரமாட்டேங்கி."

பின்னாளில் இதை அவரே கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்ததால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அவ்விடத்தில் வருத்தம் தெரிவித்தேனா என்று நினைவில்லை. தெரிவித்திருந்தாலும் அதனால் பயன் இராது. கேட்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. பத்தாவது விளக்கையும் கழற்றி முடித்ததும், என்னோடு பள்ளிக்கு வருமாறு அழைத்தேன்.

செல்லத்துரையும் அருணாசலமும் மேடைக்கான விசிப்பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். இருவரையும் வகுப்பறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். அச்சொற்றொடரைக் கரும்பலகையில் எழுதினேன்; வகுப்பில் பாட்டுக்குச் செய்வதுபோலவே பதவுரை கூறினேன்.

"தடை என்பது இங்கே மின்தடை. மைதீன் அதை ரெசிஸ்டர் என்று சொன்னார். வாளின் பிடியில் பாசியாக இருப்பவை அவையே. நேர் என்பது நேர்மின்முனை. அவர் ப்ளஸ் என்று சொன்னார். நேரடியாகக் கொடுத்தால் பொசுங்கிவிடும் என்றும் சொன்னார். அதை நான் எழுதாமல் விட்டேன். இந்தச் சொற்றொடரைப் படிக்கும் எவரும், ஒட்டுநாடாவைச் சுற்றி நேரடியாக இணைக்க வேண்டும் என்றே பொருள் கொள்வர். அருணாசலம் சரியாகவே படித்தார். மைதீன் சரியாகவே சொன்னார். எழுதியது பிழை."

சிவப்புச் சுண்ணக்கட்டியால் சொற்றொடர் முழுவதையும் குறுக்கே அடித்தேன்.

"காலையில் தாள் வீட்டில் இருக்கிறது என்றேன். அது பொய்."

முதலில் பேசியவர் அருணாசலம்.

"என் கைதான் சரியில்லையோன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் சார்" என்றார். பிறகு பிடியில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, பாசிகளை ஒவ்வொன்றாக உருவி மேசைமேல் வைக்கத் தொடங்கினார்.

செல்லத்துரை கரும்பலகையை இன்னொருமுறை படித்தார். "ரெசிஸ்டர்னே எழுதியிருக்கலாம்லா வே" என்றார்.

"எழுதியிருக்கலாம்."

செல்லத்துரை மைதீனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எவரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பறையில் வெளிச்சம் குறைந்தபோது கைவிளக்கு ஒன்றைத் தேடி எடுத்துவந்து, மைதீன் பன்னிரண்டு இணைப்புகளையும் பற்றவைத்து முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவே ஒருமுறை, "சரியாத் தெரியுதா வே?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாம் வரிசை

மறுநாள் மாலை நாடகம் நடந்தது. மண்டபத்தின் சன்னல்களையெல்லாம் கருப்புத் துணியால் மூடியிருந்தோம். உரிய இடம் வந்தது. பகைவர் சூழ, அரசன் வாளை உருவிப் பொத்தானை அழுத்தினான். பன்னிரண்டு மின்மணிகளும் எரிந்தன, அணையாமல் எரிந்தன.

உள்ளதைச் சொல்வதானால், அவ்வொளி ஐந்தாம் வரிசையைத் தாண்டவில்லை. முன்னால் இருந்தவர்கள் கைதட்டினர். அதைக் கேட்டுப் பின்னால் இருந்தவர்களும் தட்டினர். தாமும் கண்டதாகவே பிறகு சொல்லித் திரிந்தனர்.

செல்லத்துரை தம் கையிலிருந்த வாளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. மேடையோரத்திலிருந்து எடுத்துக்கொடுக்க நான் வாய்திறப்பதற்குள், செக்கச்செவேலென்று ஒளிர்ந்த அவ்வாளை உயர்த்தி, மண்டபம் அதிரச் சொன்னார்:

"வெண்சுடர் வாளை வேந்தன் ஏந்தினேன்."

ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. மோனை மட்டும் சரியாக இருந்தது.

அதற்கடுத்த கிழமையிலிருந்து மைதீன் கடைக்குப் பெட்டிகள் வரத்தொடங்கின. மேலநீலிதநல்லூரிலிருந்தும் சிவகிரியிலிருந்தும்கூட வானொலிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, வாள் மைதீன் கடை எது என்று பேருந்து நிலையத்தில் கேட்டார்கள். ஒலிபெருக்கியின் நெற்றியில் நெடுநாள் பத்துத் துளைகள் வெறுமையாகவே இருந்தன.

சில மாதங்கள் கழித்து என் வானொலியைக் கொண்டுபோயிருந்தேன். கடையின் பின்சுவர் முழுவதும் சிறுசிறு இழுப்பறைகள். அருணாசலத்தின் கைவேலை என்பது பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளிருக்கும் பொருளின் பெயரை மைதீன் எழுதி ஒட்டியிருந்தார். பெரும்பாலானவை ஆங்கில எழுத்தில் இருந்தன. ஒன்றில் மட்டும் தமிழில், 'தடை' என்று இருந்தது.

எனக்கு உண்டான நிறைவை மறைக்க வேண்டியதில்லை. "என் சொல்லை ஏற்றுக்கொண்டீரே" என்றேன்.

"தெறந்து பாருங்க சார்."

திறந்தேன். கருப்பு ஒட்டுநாடாச் சுருள்கள் மூன்று இருந்தன.

"அப்படியானால் மின்தடைகள் எங்கே?"

என் வானொலிக்குள் குனிந்திருந்த மைதீன் தலையைத் தூக்கவில்லை. பற்றவைக்கும் கோலின் நுனியால் பக்கத்து இழுப்பறையைக் காட்டினார். அதன்மேல் 'பாசி' என்று எழுதியிருந்தது.